குரல்வளையில் மட்டும் ஏன் படிகிறது?

குரல் அடைப்பது வன்னியில் யாருக்கும் புதினமான விடயம் அல்ல. மாரி மழையில் நனைந்தால் அடைக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் விடிய விடிய நின்றுவிட்டு வந்தால் அடைக்கும். கோவலன் கூத்தை இரவு முழுக்கப் பாடுகிற அண்ணாவியாருக்கும், சத்தம் கூடிய வகுப்பறையில் படிப்பிக்கிற ஆசிரியைக்கும், உழவு இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கூப்பிட்டுக் கதைக்கிற கமக்காரருக்கும் அது பழகிய தொல்லை. மல்லித்தண்ணீர் குடித்து, சுக்கைத் தட்டிப் போட்டு, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குரல் திரும்பிவிடும். ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை.

சிலருக்கு அது திரும்புவதில்லை. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, சாப்பாடு வழமைபோல இறங்குகிறது. ஆனாலும் குரல் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், மெல்ல மெல்லக் கரகரத்துக்கொண்டே போகிறது. தொலைபேசியில் சொந்தத் தங்கையே "ஆர் கதைக்கிறது?" என்று கேட்கும் அளவுக்கு மாறிவிடுகிறது. வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

இப்படி நீடிக்கும் கரகரப்புக்குக் காரணங்கள் பல. குரல் நாணில் ஏற்படும் சிறு தடிப்பு, இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம், புகைப்பழக்கம், காசநோய், புற்றுநோய் என்று அந்த வரிசை நீளும். அதன் கடைசியில் மிக அரிதான ஒன்று நிற்கிறது. உடல் தானே செய்த ஒரு புரதம், உருக்குலைந்து, குரல்வளையின் சுவருக்குள் படிந்து கிடப்பது. அந்தப் படிவின் பெயர் அமிலோயிட். குரல்வளையில் வருகிற, புற்றுநோய் அல்லாத கட்டிகளில் இது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான்.

இவ்வளவு அரிதான நோயைப் பற்றி எதற்கு எழுதவேண்டும்? அது ஒரு நல்ல கேள்வியை எழுப்புகிறது என்பதால். புரதங்கள் குருதியில் ஓடுகின்றன. குருதி உடலெங்கும் போகிறது. அப்படியிருக்க, இந்தப் படிவு சிலருக்குக் குரல்வளையில் மட்டும் தங்குவது ஏன்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான், அந்த நோயாளி உயிருக்குப் பயப்படவேண்டியவரா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது.

உள்ளே பார்க்க ஒரு வழி

கழுத்தின் முன்புறத்தில், ஆண்களுக்கு மேடாகத் தெரிகிற குருத்தெலும்புக்குப் பின்னால் இருக்கிறது குரல்வளை. அதற்குள்ளே இரண்டு சோடி மடிப்புகள் உள்ளன. கீழே இருப்பவை உண்மையான குரல் நாண்கள். நாம் பேசும்போது இவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண்களில் செக்கனுக்கு ஏறக்குறைய 100 தடவை, பெண்களில் அதன் இரண்டு மடங்கு. இவற்றுக்குச் சற்று மேலே, இன்னொரு சோடி மடிப்புகள் இருக்கின்றன. இவற்றைப் போலி நாண்கள் என்கிறோம். சாதாரணப் பேச்சில் இவை அதிர்வதில்லை. இவற்றில் சளியும் நீரும் சுரக்கும் சுரப்பிகள் நிறைந்திருக்கின்றன. கீழே உள்ள நாண்கள் காயாமல் ஈரமாக இருப்பது இந்தச் சுரப்பால்தான். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் இடையில் பக்கவாட்டில் ஒரு சிறு குழிவு உண்டு.

உயிரோடிருக்கும் மனிதரின் குரல் நாண்கள் அசைவதைத் தெளிவாகப் பார்த்து விவரித்தவர் வைத்தியர் அல்லர், ஒரு பாட்டு ஆசிரியர். ஸ்பெயின் நாட்டவரான மனுவேல் கார்சியா, 1854இல், பல் வைத்தியர்கள் பாவிக்கிற சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் விழுத்தி, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் றோயல் சங்கத்துக்கு அதை எழுதி அனுப்பினார். சில வருடங்களில் வைத்தியர்கள் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள். குரல்வளை அமிலோயிட் பற்றிய முதல் விவரிப்பு 1875இல் வந்தது. பூரோ, நொய்மன் என்ற இருவர் எழுதியது. பார்க்கும் கருவி கிடைத்து ஏறக்குறைய இருபது வருடங்களில் நோயும் கண்ணில் பட்டுவிட்டது.

இன்று காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய வளையும் குழாயைச் செலுத்தி, நுனியில் உள்ள கமெராவால் இதே இடத்தைச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார். அமிலோயிட் இருந்தால், பெரும்பாலும் போலி நாணிலோ, அதன் கீழுள்ள குழிவிலோ, மஞ்சள் கலந்த, வழவழப்பான வீக்கம் தெரியும். மேலுள்ள சவ்வு புண்ணாகாமல் முழுசாக இருக்கும். வீக்கம் அதற்கு அடியில் இருக்கும். அது கீழே தொங்கி உண்மையான நாணை அழுத்தும்போதோ, நாணுக்குள்ளேயே பரவும்போதோ அதிர்வு கெட்டுக் குரல் கரகரக்கிறது. நாண்களுக்குக் கீழே படிந்தால் மூச்சுப்பாதை ஒடுங்கி, மூச்செடுக்கும்போது கீச்சென்ற ஒலி வரும். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் இது காணப்படுகிறது.

ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் இது அமிலோயிட் என்று முடிவுகட்ட முடியாது. ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கவேண்டும். அங்கே தொடங்குகிறது நூற்றைம்பது வருடக் கதை ஒன்று.

மாப்பொருள் என்று எண்ணப்பட்ட புரதம்

1854ஆம் ஆண்டிலேயே, ஜேர்மன் நோயியலாளர் ருடோல்ஃப் விர்ஷோ மூளை இழையத்தில் சில வட்டமான துணிக்கைகளைக் கண்டார். அயடீன் விட்டதும் அவை நீலம் காட்டின. பள்ளிக்கூடத்தில் மரவள்ளிக்கிழங்கிலோ சோற்றிலோ அயடீன் விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த நீலம் எதைக் காட்டுகிறது என்று தெரியும். விர்ஷோவும் அப்படியே எண்ணி, மாப்பொருளை ஒத்தது என்ற பொருளில் அமிலோயிட் என்று பெயர் வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1859இல், ஃபிரீட்ரைக்கும் கெக்குலேயும் இத்தகைய படிவு நிறைந்த ஒரு மண்ணீரலை இரசாயன ரீதியில் ஆராய்ந்தார்கள். மாப்பொருள் அதில் இல்லை. நைதரசன் நிறைய இருந்தது. மாப்பொருளில் நைதரசன் கிடையாது, புரதத்தில் உண்டு. படிவு புரதம் என்பது அப்போதே தெளிவானது. பெயர் மட்டும் மாறவில்லை.

அடுத்த படி ஒரு துணிச் சாயத்தால் வந்தது. கொங்கோ சிவப்பு என்பது பருத்தித் துணிக்கு நிறமூட்ட 1883இல் செய்யப்பட்ட செயற்கைச் சாயம். அது அமிலோயிட்டில் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது என்பதை 1922இல் பென்ஹோல்ட் கண்டார். 1927இல் பெல்ஜிய நாட்டவரான டிவ்ரியும் ஃபுளோர்கினும் இன்னொன்றைக் கண்டார்கள். சாயமேற்றிய துண்டை முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியில் பார்த்தால், சிவப்பாக இருந்த படிவு பச்சையாக ஒளிர்கிறது. ஒழுங்கற்றுக் குவிந்த பொருள் அப்படி ஒளிராது. உள்ளே மூலக்கூறுகள் ஒரு திசையில் ஒழுங்காக அணிவகுத்திருந்தால்தான் ஒளிரும். ஆகவே, அந்தப் பச்சை நிறம் சொன்ன செய்தி இது: குழப்பமான குவியல் என்று தெரிவதற்குள் கண்டிப்பான ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. இன்றும் உலகெங்கும் நோயியல் கூடங்களில் அமிலோயிட்டை உறுதிப்படுத்துவது இந்தப் பச்சையால்தான்.

அந்த ஒழுங்கை நேரே காட்டியது இலத்திரன் நுணுக்குக்காட்டி. 1959இல் கோஹனும் கல்கின்ஸும் அமிலோயிட் முழுவதும் கிளைவிடாத நேரான நுண்ணிழைகளால் ஆனது என்று படம் பிடித்துக் காட்டினார்கள். ஓர் இழையின் தடிப்பு ஏறத்தாழ 10 நனோமீற்றர், ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு. 1968இல் ஈன்ஸும் கிளென்னரும் இந்த இழைகளினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் கோலத்தை அளந்தார்கள். இழை நெடுகிலும் 0.47 நனோமீற்றருக்கு ஒன்றாகப் புரத இழைத்துண்டுகள் குறுக்காக அடுக்கப்பட்டிருப்பதை அந்தக் கோலம் காட்டியது. எந்த நோயாளியின் எந்த உறுப்பிலிருந்து எடுத்த அமிலோயிட்டிலும் இதே இடைவெளிதான்.

அடுக்கு எப்படி உருவாகிறது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. கலத்துக்குள் செய்யப்பட்டதும் அது தனக்கென்று உள்ள ஒரு வடிவத்தில் மடிந்துகொள்கிறது. அந்த வடிவம்தான் அதற்கு வேலைத்திறனைத் தருகிறது. ஒட்டும் தன்மையுள்ள பகுதிகள் உள்ளே மறைந்துவிடுவதால், அருகிலுள்ள இன்னொரு புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதில்லை. சிலவேளை அந்த மடிப்புக் குலைந்துவிடும். சங்கிலியின் ஒரு துண்டு தட்டையாக விரிந்து, மறைந்திருந்த விளிம்புகள் வெளியே வரும்.

இதன்பின் நடப்பதைக் கிடுகு பின்னும் முற்றத்தில் பார்க்கலாம். வெட்டிப் போட்ட தென்னோலையை அப்படியே அடுக்க முடியாது; ஒவ்வொன்றும் தன் போக்கில் விரிந்து நிற்கும். பின்னித் தட்டையாக்கிய பிறகோ, ஒரு கிடுகின் மேட்டில் மற்றதன் பள்ளம் பொருந்தி உட்காரும். முதல் இரண்டு மூன்றை நேராக வைப்பதுதான் சிரமம். அவை சரியும், வழுக்கும். நாலைந்து பொருந்திவிட்டால் அடுத்தவை தாமாகவே வரிசையில் விழும். அடுக்கு எவ்வளவு உயரமும் போகும். நடுவிலிருந்து ஒன்றை உருவியெடுப்பது இலேசல்ல. அளவும் பின்னலும் வேறான கிடுகு அந்த அடுக்கில் சேராது.

அமிலோயிட் உருவாவதும் இந்த முறையில்தான். தட்டையான புரதத் துண்டுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றன்மேல் ஒன்று பிடித்துக்கொள்கின்றன. முதல் சில துண்டுகள் சேர்வதற்கு நெடுநேரம் எடுக்கும். விதை விழுந்ததும் வளர்ச்சி வேகமெடுக்கும். இதைப் பரிசோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். ஆரம்பத்தில் நீண்ட அமைதி, பிறகு திடீர் வளர்ச்சி. ஏற்கெனவே உருவான இழையின் ஒரு துணுக்கை அந்தக் கரைசலில் போட்டால் அந்த அமைதிக் காலம் இல்லாமலே போய்விடுகிறது. ஒரே வகைப் புரதமே பெரும்பாலும் ஓர் அடுக்கில் சேர்கிறது. இறுகிய அடுக்கைப் பிரிப்பது உடலின் நொதியங்களுக்கு மிகக் கடினம். வெண்குருதிக் கலங்கள் ஒன்றுசேர்ந்து பெரிய கலங்களாகி அதைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கின்றன. அரித்தெடுக்க அவற்றால் முழுமையாக முடிவதில்லை.

மனித உடலில் அமிலோயிட் ஆகக்கூடிய புரதங்கள் 40க்கும் மேல் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. மூளையில் அல்சைமர் நோயோடு தொடர்புடையது ஒன்று. நீரிழிவுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் ஏற்றுகிறவர்களுக்குத் தோலின் அடியில் உருவாகக்கூடியது இன்னொன்று. குரல்வளையில் படிவது எது?

ஒரு சங்கிலியின் துண்டு

1971இல் கிளென்னரும் கூட்டாளிகளும் அமிலோயிட் இழையைக் கரைத்து அதன் அமினோ அமில வரிசையை வாசித்தார்கள். அது பிறபொருளெதிரியின் ஒரு துண்டாக இருந்தது. நோய்க்கிருமிகளைப் பிடிக்க உடல் செய்கிற புரதமே பிறபொருளெதிரி. ஒவ்வொன்றிலும் இரண்டு பெருஞ்சங்கிலிகளும் இரண்டு சிறுசங்கிலிகளும் உண்டு. சிறுசங்கிலியில் கப்பா, லம்டா என இரு வகை. இந்தச் சிறுசங்கிலியோ அதன் துண்டோ தட்டையாகி அடுக்கும்போது வருகிற அமிலோயிட்டே குரல்வளையில் பெரும்பாலும் காணப்படுவது. அமிலோயிட் ஆராய்ச்சிக்கு வாழ்நாளைக் கொடுத்த ஜோர்ஜ் கிளென்னர், 1995இல் இறந்ததும் இதயத்தில் படிந்த வேறொரு வகை அமிலோயிட்டால்தான்.

பிறபொருளெதிரிகளைச் செய்பவை பிளாஸ்மா கலங்கள். ஒரு கலம் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான பிறபொருளெதிரிகளை வெளிவிடும். இங்கே கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளாஸ்மா கலமும், அதன் மூதாதைக் கலம் தன் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து உருவாக்கிய தனித்துவமான சிறுசங்கிலியைச் செய்கிறது. அடுத்த குடும்பத்துக் கலம் செய்வது வேறு. அந்தக் கோடிக்கணக்கான வகைகளில் மிகச் சில மட்டுமே உறுதி குறைந்து, மடிப்புக் குலையும் இயல்புடையவை. அப்படியான ஒன்றைச் செய்கிற ஒரே கலம் பெருகி, அதே சங்கிலியை ஓயாமல் வெளிவிட்டால் ஆபத்து. ஒரு கலத்திலிருந்து பெருகிய இத்தகைய கூட்டத்தை ஒற்றைவழிக் கூட்டம் என்று சொல்லலாம்.

செய்த இடமே படிந்த இடம்

இனி முதற் கேள்விக்கு வரலாம். சிறுசங்கிலி அமிலோயிட்டின் கொடிய வடிவம், எலும்பு மச்சையில் இருக்கும் ஒற்றைவழிக் கூட்டத்திலிருந்து வருகிறது. அது வெளிவிடுகிற சங்கிலிகள் குருதியில் கலந்து இதயம், சிறுநீரகம், நரம்பு, ஈரல் என்று எங்கும் படியும். இது உடல் தழுவிய அமிலோயிட் நோய். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் குடிக்கும்.

குரல்வளையில் மட்டும் படிவு உள்ளவரின் எலும்பு மச்சையைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே அந்தக் கூட்டம் இல்லை. குருதியிலும் சிறுநீரிலும் அந்தச் சங்கிலி மிகுந்து காணப்படுவதில்லை. அப்படியானால் அது எங்கே செய்யப்படுகிறது? வெட்டியெடுத்த துண்டையே நோயியலாளர்கள் மறுபடி கூர்ந்து பார்த்தார்கள். படிவின் ஓரத்திலேயே பிளாஸ்மா கலங்கள் சிறு சிறு கூட்டமாக இருந்தன. கப்பாவுக்கு ஒரு சாயம், லம்டாவுக்கு ஒரு சாயம் என்று ஏற்றிப் பார்த்தபோது, பல நோயாளிகளில் அவை எல்லாம் ஒரே வகையைச் செய்தன. அருகில் படிந்திருந்ததும் அதே வகை. ஓரிடப் படிவு உள்ள சிலரின் இழையத்திலிருந்து மரபணு வரிசையை எடுத்து, படிந்த புரதத்தின் வரிசையோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் பொருந்தின. சங்கிலி குருதியில் பயணித்து வரவில்லை. செய்த இடத்திலேயே, செய்த கலங்களின் காலடியிலேயே படிந்துவிட்டது.

காரணம் என்று எதைச் சொல்லலாம்?

அந்தப் பிளாஸ்மா கலங்கள் குரல்வளைக்கு ஏன் வந்தன என்பது அடுத்த கேள்வி. இங்கே உறுதியான அறிவு குறைந்து, நியாயமான ஊகங்கள் தொடங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில், குரலை அதிகம் பாவிப்பதுதான் காரணமா? பாடகர்களும் ஆசிரியர்களும் கேட்கும் முதற் கேள்வி இது. படிவு இருக்கும் இடம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. குரலை வருத்துவதால் வருகிற தடிப்புகள் உண்மையான நாண்களின் விளிம்பில், அவை பலமாக மோதுகிற முன்பகுதியில் வரும். அமிலோயிட்டோ பேச்சில் அதிராத போலி நாண்களையே அதிகம் நாடுகிறது. ஆகவே, கூத்துப் பாடியதால் வந்தது, பிள்ளைகளை ஏசியதால் வந்தது என்று எவரும் தம்மைக் குற்றஞ்சாட்டிக்கொள்ளவேண்டியதில்லை.

இரண்டாவது, நீடித்த அழற்சி. போலி நாண்களில் சுரப்பிகளோடு சேர்ந்து நிணநீர் இழையமும் உண்டு. மூச்சோடு வருகிற தூசு, புகை, கிருமி, இரைப்பையிலிருந்து எழும் அமிலம் எல்லாவற்றையும் அது நாளாந்தம் எதிர்கொள்கிறது. பிளாஸ்மா கலங்கள் அங்கே எப்போதும் வந்து குடியிருப்பது அதனால்தான். நீண்டகாலத் தூண்டலில் ஒரு கலத்தின் சந்ததி மட்டும் பெருகி, அது செய்யும் சங்கிலியும் தற்செயலாக மடிப்புக் குலையும் வகையாக அமைந்துவிட்டால் படிவு தொடங்கும். இதற்கு வெளியிலிருந்தும் ஓர் ஆதரவு இருக்கிறது. கண்ணீரும் உமிழ்நீரும் வற்றச் செய்கிற ஷோகிரன் நோயில், உடலின் சுரப்பிகளை நிணக்கலங்கள் நெடுங்காலம் தாக்குகின்றன. அந்நோயாளிகளில் சுவாசப்பை, தோல் போன்ற இடங்களில் இதே ஓரிட அமிலோயிட் காணப்படுகிறது. ஆனால் புகைப்பதால்தான், அமிலம் ஏறுவதால்தான் குரல்வளை அமிலோயிட் வருகிறது என்று எவரும் நிரூபிக்கவில்லை. அமிலமும் புகையும் கோடிக்கணக்கானோருக்கு உண்டு. இந்த நோய் மிகச் சிலருக்கே.

மூன்றாவது கருத்து சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த பெர் வெஸ்டர்மார்க் 2012இல் முன்வைத்தது. ஒற்றைவழிக் கூட்டம் என்றால் அது வளர்ந்து புற்றுநோயாகக்கூடும். ஓரிட அமிலோயிட்டில் மிகப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஏன்? அந்தக் கலங்கள் செய்கிற குலைந்த புரதமே அவற்றுக்கு நஞ்சாகி அவற்றைக் கொல்கிறது என்றார் அவர். தன்னையே அழித்துக்கொள்ளும் கட்டி என்பது அவருடைய கருத்தின் சாரம். பல துண்டுகளில் படிவு நிறையவும் பிளாஸ்மா கலங்கள் கொஞ்சமாகவும் இருப்பதை இது விளக்குகிறது. நோய் மிக மெதுவாக நகர்வதையும், பல வருடங்களில் சிலருக்குத் தானாகவே ஓய்ந்துவிடுவதையும் இது விளக்குகிறது.

நான்காவது, பரம்பரை. இது மிக அரிது; ஆனாலும் மறக்கக்கூடாதது. நல்ல கொழுப்பு என்று நாம் சொல்கிற துணிக்கையில் அப்போலிப்போபுரதம் ஏ-1 என்ற புரதம் உண்டு. அதன் மரபணுவில் சில மாற்றங்கள் உள்ள குடும்பங்களில் குரல்வளை, தோல், இதயம் ஆகிய மூன்றிலும் படிவு வருகிறது. அந்தப் புரதம் செய்யப்படுவது ஈரலிலும் குடலிலும். செய்த இடமே படிந்த இடம் என்ற விதி இங்கே செல்லாது. குரல்வளையில் ஏதோ ஓர் இயல்பு, வெளியிலிருந்து வரும் புரதத்தையும் அங்கே பிடித்துவைக்கிறது. கரைசலை அசைத்துக் குலுக்கினால் பல புரதங்கள் வேகமாக அமிலோயிட் ஆவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஓயாமல் அசையும் உறுப்பில் இதற்குப் பங்குண்டா என்பது இன்னும் விடை காணாத நல்ல கேள்வி. தாய்க்கோ தகப்பனுக்கோ சகோதரருக்கோ இதே கரகரப்பும் இதய நோயும் இருந்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

விடை ஏன் முக்கியம்?

குரல்வளையில் அமிலோயிட் என்று முடிவு வந்ததும் வைத்தியர் இரண்டு விடயங்களைத் தேடுவார். இது எந்தப் புரதம்? வேறெங்காவது இருக்கிறதா? முதலாவதுக்கு, வசதியுள்ள பெரிய ஆய்வுகூடங்களில், படிவை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து, அதிலுள்ள புரதத் துண்டுகளைத் திணிவு நிறமாலைமானியால் நிறுத்து இனங்காண்கிறார்கள். இரண்டாவதுக்கு, குருதியிலும் சிறுநீரிலும் ஒற்றைவழிப் புரதம் உண்டா என்று பார்ப்பார்கள். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்று பார்ப்பார்கள். இதயத்தை ஸ்கான் செய்வார்கள். தேவைப்பட்டால் வயிற்றுத் தோலின் அடியிலிருந்து சிறிது கொழுப்பை ஊசியால் எடுத்து அதே கொங்கோ சிவப்பை ஏற்றிப் பார்ப்பார்கள்.

எல்லாம் சுத்தமாக வந்தால் நோயாளி நிம்மதி அடையலாம். பிரித்தானியாவின் தேசிய அமிலோயிட் நிலையம், 1980க்கும் 2011க்கும் இடையில் தான் பார்த்த, பல்வேறு உறுப்புகளில் ஓரிடச் சிறுசங்கிலி அமிலோயிட் கொண்ட 606 பேரின் கதியை 2015இல் வெளியிட்டது. அவர்களில் 7 பேருக்கு மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே, அது உடல் தழுவிய நோயாக மாறியிருந்தது. இதனால்தான் ஓரிட நோய்க்குக் கடுமையான மருந்து ஏற்றும் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

மயக்கமருந்து கொடுத்து, நுணுக்குக்காட்டியின் துணையோடு வாய் வழியாகவே, கத்தியாலோ காபனீரொட்சைட்டு லேசராலோ படிவை எடுப்பதே வழமையான சிகிச்சை. நோக்கம் இரண்டு: மூச்சுப்பாதை திறந்திருக்கவேண்டும், குரல் பிழைக்கவேண்டும். கடைசித் துளிவரை சுரண்டியெடுக்கப் பார்த்தால் நாண்கள் வடுப்பட்டுக் குரல் நிரந்தரமாகக் கெடும். அதனால் நல்ல சத்திரசிகிச்சையாளர் கொஞ்சத்தை விட்டுவைக்கத் தயங்கமாட்டார். படிவு திரும்பி வரலாம். பலருக்கு வருடங்கள் கழித்து இன்னொரு தடவை தேவைப்படுகிறது. அடிக்கடி திரும்புகிறவர்களுக்குக் குறைந்த அளவு கதிர்ச் சிகிச்சை சில நிலையங்களில் கொடுக்கப்படுகிறது. பிளாஸ்மா கலங்கள் கதிருக்கு இலகுவில் அழியும் என்பதே அதன் அடிப்படை.

துணுக்காயிலிருந்து பார்க்கும்போது

துணுக்காய் முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கில் இருக்கிறது. மாவட்டத்தின் தலைநகரோ கிழக்குக் கரையில். இங்குள்ள ஒருவர் முதலில் போவது மல்லாவி வைத்தியசாலைக்கு. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, மாங்குளம் சந்தியில் ஏ-9 வீதியைப் பிடித்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு போன்ற இடத்துக்குப் போகவேண்டும். ஒரு நாள் கூலி போகும், வயல் வேலை நிற்கும். குரல் கரகரப்பதற்காக இவ்வளவு தூரமா என்று தோன்றுவது இயல்பு. அதனால்தான் பலர் வருடக்கணக்கில் சுக்கோடும் மல்லியோடும் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

அப்படித் தள்ளிப்போடாதீர்கள். கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால், எந்த வயதானாலும், குரல்வளையை ஒரு தடவை உள்ளே பார்ப்பித்துவிடுங்கள். வெற்றிலை, புகையிலை, சுருட்டு, மதுப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. அவர்களில் தேடவேண்டியது முதலில் புற்றுநோய். அமிலோயிட் மிக அரிது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற அதே குழாய்தான் புற்றுநோயையும் காசநோயையும் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

அமிலோயிட் என்று முடிவு வந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. உங்கள் நோய் புற்றுநோய் அல்ல, மற்றவருக்குத் தொற்றாது. வீட்டில் தனிப் பாத்திரம், தனிக் கோப்பை எதுவும் வேண்டாம். ஆனால் பத்து வருடமாவது கிளினிக்குக்குப் போய்வரவேண்டிய நோய் இது. கால் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், நாக்குத் தடித்தால், படியேற மூச்சு வாங்கினால், அடுத்த திகதிவரை காத்திருக்காமல் போங்கள். இடப்பெயர்வுகளில் எல்லா ஆவணங்களையும் தொலைத்த குடும்பங்கள் இந்த மண்ணில் எத்தனையோ. இனியாவது டயக்னோசிஸ் காட்டையும், இழையப் பரிசோதனை முடிவையும், கிளினிக் கொப்பியையும் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களைப் பார்க்கப்போகிற, உங்களை முன்பின் அறியாத வைத்தியருக்கு, படிவு எங்கே இருந்தது, எந்த வகைப் புரதம், வேறெங்கும் இல்லை என்று எப்போது உறுதிசெய்யப்பட்டது என்பதை அந்தத் தாள்கள்தான் சொல்லவேண்டும்.